தோற்கப் பழகும் களம்

விளையாட்டினால் உடல் உரம்பெறும், ஒற்றுமை வளரும் என்று இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே பிரதம விருந்தினர்கள் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றார்கள். அவை உண்மையே. எனினும் விளையாட்டு எம் பிள்ளைகளுக்குத் தரும் முதற்பாடம் தோற்கப் பழகுவதுதான் என்பது அடியேனின் எண்ணம்.

உயரம் பாய்தலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார், பதக்கம் கிட்டவில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தார். இப்போட்டியின் விதியைக் கவனியுங்கள். அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். மற்றவர்கள் வெளியேறிய பின்னரும் வென்றவர் தடியை உயர்த்திப் பாய்ந்து பார்க்கலாம். ஆகவே தங்கம் பெற்றவருங்கூடப் பெரும்பாலும் தடியைத் தட்டி வீழ்த்திவிட்டுத்தான் களத்தை விட்டு வருகின்றார். அதில் அவருக்கு வெட்கம் ஏதுமில்லை.

எங்கள் கிளித்தட்டிலும் இதுவே. தட்டு மறிப்பவர் தன் கோட்டை விட்டு அகலக்கூடாது. கிளி நடுக்கோட்டிலே ஓடித் திரியும். ஊர்ப் பிள்ளைகள் விளையாடும்போது மத்தியஸ்தர் எவருமில்லை. கை பட்டதா இல்லையா என்பதைப் பட்டவனே சொல்ல வேண்டும். அளாப்புகிறவனை அடுத்த நாள் ஒருவரும் சேர்க்க மாட்டார்கள்.

இன்று ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளையின் விளையாட்டை நிறுத்திவிடுகின்றோம். பின்னர் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால் பிள்ளை வீட்டுக்குள்ளே ஒளிகின்றது. பெற்றோர் நிலை அதனிலும் மோசம். தோல்வியை அந்தப் பிள்ளை முதன்முதல் காண்பதே அன்றுதான். கந்தோர் வாழ்க்கையிலும் கண்டிருக்கின்றேன். பதவியுயர்வு தவறியபோது பலர் மாதக்கணக்கில் முகம் வாடித் திரிந்தார்கள். இளமையிற் பந்தடித்துத் திரிந்தவர்களோ மறுநாட் காலையே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆலய வடக்கு வீதி மாலை நான்கு மணி முதல் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கும். சாயங்காலப் பூசைக்கு மணி அடித்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கோடு போடச் சுண்ணாம்பு களஞ்சிய அறையில் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.