சமய போதனையும் சமய இலக்கியக் கல்வியும்: அரசியலமைப்பின் 28ஆம் பிரிவை முன்வைத்து

முன்னுரை

அரசு நிதியால் முழுமையாக நடத்தப்பெறும் கல்வி நிறுவனம் எதிலும் சமய போதனை அளிக்கப்படலாகாது என்று இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முதல் உட்பிரிவில் விதிக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளின் தமிழ் வகுப்புகளிலோ தேவாரம், திருவாய்மொழி, சீறாப்புராணம், தேம்பாவணி முதலியவற்றின் பகுதிகள் பாடமாகப் பயிலப்படுகின்றன. முதல் நோக்கில் இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை என்பதே சட்டத்தின் நிலை. ஆயினும் அதற்குத் தமிழ்த்துறையினர் வழக்கமாகக் கூறும் காரணமும் சட்டம் கூறும் காரணமும் ஒன்றல்ல. எல்லாச் சமயங்களுக்கும் பாடத்திட்டத்தில் இடம் அளிக்கப்பட்டுள்ளது என்பது துறையினர் கூறுவது. சட்டம் நூலின் சமயத்தையோ நூல்களின் எண்ணிக்கையையோ நோக்கவில்லை. கற்பிக்கும் முறையை நோக்குகிறது. இவ்வேறுபாட்டின் வரலாற்றையும் தமிழ் வகுப்பறையில் அது எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னை மாகாணத்தில் எழுந்த எதிர்ப்பு

அரசுப் பள்ளி ஒரு சமயத்தைப் போதிக்கலாமா என்னும் வினா தமிழகத்திற்குப் புதிதன்று. 1846இல் சென்னை ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். சென்னை இந்துக்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தனர். அவர்களுள் முன்னின்றவர், 'கிரசெண்ட்' என்னும் ஆங்கில இதழை நடத்திய கஜுலு இலட்சுமிநரசு செட்டியார். இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர் அவை 1847இல் ஆளுநரின் கருத்தை ஏற்க மறுத்தது.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது எதிர்த்தவர்களின் நிலைப்பாடு. அவர்கள் சமய மறுப்பாளர்கள் அல்லர். தத்தம் வழிபாட்டில் ஊன்றிய வணிகர்களும் பெரியோர்களும் ஆவர். சமயத்தை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் கோரவில்லை. அரசு தன் பள்ளியில் அதனைக் கையிலெடுக்கலாகாது என்றே கோரினர். சமயச்சார்பற்ற கல்வி நம்பிக்கையற்றோரின் கோரிக்கை என்று பிற்காலத்தில் இரு தரப்பாரும் எண்ணும் வழக்கம் உண்டு. சென்னையில் அக்கோரிக்கை நம்பிக்கையுடையோரிடமிருந்தே வலுவாக எழுந்தது. கம்பெனியின் நடுநிலையில் கொள்கையைவிட எச்சரிக்கை உணர்வே மிகுந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை இந்நிலையை முறைப்படுத்திற்று. அரசு நிறுவனங்களில் கல்வி சமயச்சார்பற்றதாகவே இருத்தல் வேண்டும். விவிலியம் நூலகத்தில் இருக்கலாம். மாணவர் தாமே விரும்பிக் கேட்பின் ஆசிரியர் வகுப்பு நேரத்திற்குப் புறத்தே விளக்கலாம் என்பன அதன் கூறுகள். நிதியுதவி பெறும் பள்ளிகளில் கற்பிக்கப்படும் சமயக் கொள்கைகளை ஆய்வாளர்கள் கருத்திற் கொள்ளலாகாது என்றும் அது கூறிற்று. அரசுப் பள்ளிக்கு ஒரு விதி, உதவி பெறும் பள்ளிக்கு வேறொரு விதி என்னும் இப்பகுப்பின் சாயல் இன்றைய 28ஆம் பிரிவிலும் காணப்படுகிறது. முதல் உட்பிரிவு அரசு நிறுவனங்களில் போதனையை முற்றிலும் விலக்குகிறது. மூன்றாம் உட்பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனங்களில் போதனைக்கும் வழிபாட்டிற்கும் மாணவரின் இசைவையும், மாணவர் சிறார் ஆயின் காப்பாளரின் இசைவையும் கட்டாயமாக்குகிறது.

அரசியல் நிர்ணய சபையின் விளக்கம்

அரசியலமைப்பு சமய போதனை இன்னது என்று வரையறுக்கவில்லை. ஆயினும் அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் 7 அன்று நடைபெற்ற விவாதம் அச்சொல்லின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. வேதங்கள், ஸ்மிருதிகள், உபநிடதங்கள், கீதை ஆகியவற்றைக் கற்பிக்கும் வடமொழி நிறுவனங்களின் நிலை யாதாகும் என்று இலட்சுமி காந்த மைத்ரா வினவினார். அம்பேத்கர் அளித்த விடை சுருக்கமானது. ஒரு சமயத்தின் கோட்பாட்டை உண்மையென ஏற்குமாறு கற்பிப்பது போதனை. அச்சமயத்தைப் பயில்வதும் ஆராய்வதும் அதனின் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்திற்குச் சட்ட அடிப்படை இவ்விடையிலேயே உள்ளது.

உச்சநீதிமன்றமும் இப்பகுப்பைப் பின்பற்றியுள்ளது. குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும், நாகரிக வரலாற்றில் அவற்றின் தாக்கத்தையும் பயில்வதற்குக் குருநானக் பல்கலைக்கழகச் சட்டம் வகை செய்திருந்தது. இது சமய போதனை ஆகாது. கல்விசார் ஆய்வு என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் நீதிமன்றம் கூறிற்று. வடமொழியை விருப்பப் பாடமாக வைத்தல் சமயச்சார்பின்மைக்கு முரணன்று என்பது 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

2002இல் வெளிவந்த அருணா ராய் வழக்கின் தீர்ப்பு சற்று வேறுபட்டது. பள்ளிக் கலைத்திட்டத்தில் சமயங்களைப் பற்றிய கல்விக்குத் தடையில்லை என்று கூறிய அளவில் அது முன்னைய நெறியில் நிற்கிறது. ஆனால் அங்கு ஆராயப்பட்ட கலைத்திட்டம் சமயத்தை ஆய்வுப் பொருளாக மட்டும் கொள்ளவில்லை. மாணவர்களிடம் விழுமியங்களை வளர்க்கும் ஊற்றாகவும் கொண்டது. ஒரு சமயநூல் நல்லது என்னும் முடிவோடு வகுப்பறைக்குள் வருமாயின், அங்கு நிகழ்வது பயிற்சியா போதனையா என்பதைப் பிரித்தறிதல் அரிது. 1964–66ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, சமயக் கல்வி வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று வகுத்திருந்தது. அப்பகுப்பு தீர்ப்பின் கூற்றைவிடக் கூர்மையானது.

தமிழ் வகுப்பறை

தமிழ்ப் பாடத்திட்டங்களில் சைவம், வைணவம், இசுலாம், கிறித்துவம் என்னும் வரிசையில் பகுதிகள் தெரிந்தெடுக்கப்படும் மரபு வேரூன்றியுள்ளது. இதன் பயன் பெரிது. உமறுப்புலவரையும் எச். ஏ. கிருட்டினப்பிள்ளையையும் எல்லா மாணவரும் அறியச் செய்தது இம்மரபே. எனினும் இதனைச் சமயச்சார்பின்மையின் அடிப்படையாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. இன்றுள்ள சமூகங்களுக்கான இடஒதுக்கீடே நெறி என்றால், பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலைக்கு இடம் தேடுவது கடினம். ஒரு போதனையோடு மூன்று போதனைகள் சேர்வதால் அது பயிற்சியாக மாறிவிடுவதும் இல்லை.

மணிமேகலை இங்குத் தக்கதொரு சான்று. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். ஆயினும் காப்பியம் நடுநிலையில் நிற்பதன்று. பிற கொள்கைகளைக் கடந்து அவள் அறவணர்பால் பௌத்த அறம் கேட்டுத் தெளிவதே அதன் போக்கு. காப்பியத்தின் நோக்கம் போதனை. அதனைப் பயிலும் வகுப்பின் நோக்கம் அதுவன்று. அளவைகள் எவ்வாறு விளக்கப்படுகின்றன, பிற சமயத்தாரின் வாதங்கள் நேர்மையாக எடுத்துரைக்கப்படுகின்றனவா, கதைப்போக்கில் தருக்கம் எவ்விடத்தில் அமைகிறது என்பன அங்கு எழும் வினாக்கள்.

இத்தகைய பயிற்சிக்குத் தமிழில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. திருவாவடுதுறை ஆதீனச் சூழலில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற உ. வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவிய பின்னர் அந்நூலை ஆராயத் தொடங்கிய அவர், சைன சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் அவ்வூர்ச் சைனர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். 1887இல் நூல் வெளிவந்தது. 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தக் கருத்துகளை அறிய மளூர் இரங்காசாரியர் துணைபுரிந்தார். பதிப்பித்தவர் சைனராகவும் இல்லை, பௌத்தராகவும் மாறவில்லை. தம் சமயத்தை அவர் துறக்கவும் இல்லை. நூலின் சமயத்தை அச்சமயத்தாரின் சொற்களிலேயே சரியாக அறிதல் வேண்டும் என்பதே அவர் கொண்ட ஒழுக்கம். 28ஆம் பிரிவுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட முன்னரே, அரசு ஊதியம் பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இவ்வொழுக்கம் இருந்தது.

இன்றைய வினாத்தாள்களில் இவ்வொழுக்கம் எப்போதும் காணப்படுவதில்லை. 'இறைவனின் அருட்பெருமையை எடுத்துரைக்க' என்று ஒரு வினா அமைகிறது என்று கொள்வோம். இறைவனும் அவன் பெருமையும் அவ்வினாவில் முன்னரே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகின்றன. 'இப்பதிகத்தில் அருள் என்னும் கருத்தைச் சம்பந்தர் எவ்வாறு அமைக்கிறார்' என்னும் வினா அதே பாடலைப் பற்றியதே. இதற்கு விடையெழுத அடியவராக இருத்தல் வேண்டியதில்லை. அடியவராக இருப்பதால் இழப்பும் இல்லை. நம்பிக்கையில்லாத மாணவரோ பிற சமயத்து மாணவரோ நம்புவதாகக் காட்டிக்கொள்ளாமலே முழு மதிப்பெண் பெற இயலுமா என்று ஒவ்வொரு வினாவையும் சோதித்துப் பார்த்தல் கூடும். சமயங்களின் பட்டியலைச் சரிபார்ப்பதினும் இச்சோதனை கடுமையானது. சீறாப்புராணப் பகுதிக்கும் தேம்பாவணிப் பகுதிக்கும் இது வேறுபாடின்றிப் பொருந்தும்.

பத்தி இலக்கியத்தின் இசைக்கூறு இதனைச் சற்றுச் சிக்கலாக்குகிறது. தேவாரம் பண்ணோடு பாடப்பட்டு வந்தது. ஏட்டில் மட்டும் கற்பவர் அதன் ஒரு பாதியையே அறிவார். ஆகவே ஓதுவார் ஒருவரை அரசுக் கல்லூரி வகுப்பிற்கு அழைத்துக் காந்தாரப் பண்ணையும் கொல்லிப் பண்ணையும் பாடிக்காட்டச் செய்வது முறையான கல்வியே. பாடல் ஒலிக்கையில் மாணவர்கள் அமர்ந்து கேட்டுக் குறிப்பெடுக்கலாம், ஓதுவாரை வினவலாம். கைகூப்பி எழுந்து நிற்குமாறு ஆசிரியர் அவர்களைப் பணிப்பாராயின், அவ்வேளையில் அவ்வறை வகுப்பறையாக இருப்பதில்லை.