சுவருக்குள் நிற்கும் தூண்கள்

அன்புள்ள கயல்,

கல்லூரிக் குழுவோடு சிசிலிக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சிராக்குசாவில் உங்களுக்கு அரைநாள்தான் கிடைக்கும் என்றால், அதை அப்படியே ஒர்த்தீஜா தீவின் துவோமோ சதுக்கத்துக்குக் கொடுத்துவிடு.

வெளிர்நிறக் கல் பாவிய நீண்ட திடல் அது. எல்லோரும் அங்குள்ள பேராலயத்தின் முகப்பைப் பார்த்து நின்றுவிடுவார்கள். 1693 நிலநடுக்கத்தில் பழைய முகப்பு விழுந்தபின், 18ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா பல்மா வடிவமைத்தது. அழகுதான்; ஆனால் அதை நீ கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முகப்புக்கு இடப்புறம் திரும்பி, மினர்வா தெருவில் நட. ஆலயத்தின் பக்கச்சுவரில் பருத்த டோரிக் தூண்கள் பாதி உடம்போடு வெளியே புடைத்து நிற்கும். அவை அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. கி.மு. 480இல் ஹிமேராவில் கார்த்தேஜ் படையைத் தோற்கடித்த சிராக்குசா ஆட்சியாளன் கெலோன், அந்த வெற்றிக்குப் பின் அதீனா தேவிக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள்.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றியவர்கள் செய்ததை நான் நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். கிரேக்கக் கோயிலில் வெளியே திறந்த தூண் வரிசை, உள்ளே மூடிய கருவறை. இவர்கள் வெளித்தூண்களின் இடைவெளியைக் கல்லால் அடைத்தார்கள். கருவறைச் சுவரில் வரிசையாக வளைவுகளை வெட்டித் திறந்தார்கள். திறந்தது மூடியது, மூடியது திறந்தது. கருவறை நடுமண்டபமாயிற்று, அதைச் சுற்றியிருந்த நடைவழி பக்கமண்டபமாயிற்று. இடித்துக் கட்டியிருந்தால் இன்று நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. 878இல் நகரைப் பிடித்த அரபியர் இதை மசூதியாக்கினார்கள். நார்மானியர் வந்தபின் மீண்டும் தேவாலயம். ஆள்பவர் மாறினாலும் கட்டடம் வழிபாட்டுக்குப் பயன்பட்டது. அது பிழைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

உள்ளே போனதும் பீடத்தை நோக்கி ஓடாதே. பக்கமண்டபத்தில் நின்று, ஒரு புறம் தூணையும் மறுபுறம் வளைவு வெட்டிய சுவரையும் மாறி மாறிப் பார். தூணில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளங்களையும், அது கொஞ்சம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் கவனி. ஞானஸ்நானத் தொட்டியையும் தேடிப் பார். பழைய கிரேக்கச் சலவைக்கல் பாத்திரம் அது. சிறிய வெண்கலச் சிங்கங்கள் தாங்கி நிற்கும்.

போவதற்கு முன் ரோமானியப் பேச்சாளர் சிசரோவைக் கொஞ்சம் படித்துவிடு. சிசிலியின் ஆளுநராயிருந்த வெர்ரெஸ் மீது கி.மு. 70இல் அவர் வழக்குத் தொடுத்தபோது, இந்தக் கோயிலின் கொள்ளையையும் குற்றச்சாட்டில் சேர்த்தார். பொன்னும் தந்தமும் பதித்த கதவுகள் சூறையாடப்பட்டன; உட்சுவரில் இருந்த, அகதோக்ளிஸ் மன்னனின் குதிரைப்படைப் போர் ஓவியங்களும் போயின. ஓவியங்களைப் பறிகொடுத்த அந்தச் சுவர்களில்தான் பிறகு வளைவுகள் வெட்டப்பட்டன. நீ அவற்றின் வழியாகத்தான் நடுமண்டபத்துக்குள் நுழைவாய்.

அன்புடன்,
அத்தை