ஒரே வீட்டில் இரண்டு இருமல்



சுவர் இதழுக்கு நுரையீரல் பற்றி எழுதித் தரும்படி அறிவியல் ஆசிரியை சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதையே திரும்ப எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டீர்கள். அதனால் எங்க வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. சிரிக்காமல் படிக்கவும்.

கார்த்திகை மாதம் எனக்குச் சளி பிடித்தது. மழையில் நனைந்ததால்தான் என்று அப்பாயி திட்டினார்கள். ஆனால் அந்த வாரம் நம்ம வகுப்பில் பாதிப்பேர் தும்மிக்கொண்டு இருந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் காய்ச்சல், பிறகு இருமல். ஐந்தாம் நாள் சளி மஞ்சளாக வந்தது. பயந்துபோய் நானே மருந்துக் கடைக்குப் போய், பக்கத்து வீட்டு அண்ணன் எப்பவோ சாப்பிட்ட கேப்சூல் பெயரைச் சொல்லி ஆறு வாங்கினேன். மூன்று போட்டதும் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. மீதி மூன்றை, "நீங்களும் இருமிக்கிட்டே இருக்கீங்களே" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். இதுதான் அந்தத் தப்பு.

அப்பா திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறி விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். மண் பொடியைச் சலிப்பது, காய்ந்த பொம்மைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவர் வேலை. காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் இருமிச் சளி துப்பினால்தான் அவருக்கு டீயே இறங்கும். "மண்ணு வேலை பார்த்தா அப்படித்தான்" என்பார். பீடியும் உண்டு. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் இருமல் பத்து நாளாகியும் நிற்கவில்லை. அம்மா எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு சீட்டிலும் 'பிராங்கைட்டிஸ்' என்று எழுதினார்கள். அப்பா சீட்டில் மட்டும் முன்னால் இன்னொரு வார்த்தை, 'நாள்பட்ட' என்று அர்த்தமாம்.

தமிழில் இதை மூச்சுக்குழல் அழற்சி என்கிறோம். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, வேப்பமரக் கிளை மாதிரி மேலும் மேலும் பிரிகிறது. அந்தக் கிளைகளின் உட்புறத்தில் வழவழப்பான சளிப்படலமும், அதில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகளும் உள்ளன. தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ளும். குற்றிழைகள் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதாவது எந்நேரமும் ஓடும் ஒரு துடைப்பம். அந்தப் படலம் வீங்கிச் சளி அதிகமானால் இருமல் வருகிறது. இந்தச் சொல்லை 1808-இல் சார்லஸ் பதாம் என்ற ஆங்கிலேய டாக்டர் தன் புத்தகத்தில் பயன்படுத்தினார்.

எனக்கு வந்தது திடீர் வகை. பெரும்பாலும் வைரஸால் வருவது. கேப்சூல் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாக இருப்பதாலேயே பாக்டீரியா என்று சொல்ல முடியாதாம். காய்ச்சல் விட்டதும் கேப்சூலால் அல்ல, அது தானாகவே விடும் நேரம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945-இல் நோபல் பரிசு உரையில், குறைந்த அளவு மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். நானோ மூன்றும் மூன்றுமாகப் பங்கு போட்டிருக்கிறேன்! டாக்டரம்மா விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கிறது. வெந்நீர், ஓய்வு, படுக்கும்போது ஒரு ஸ்பூன் தேன், அவ்வளவுதான் என் வைத்தியம். (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.) இந்த இருமல் மூன்று வாரம்கூட இழுக்குமாம். எனக்குப் பதினெட்டாம் நாள் நின்றது.

அப்பாவுடையது வேறு. வருஷத்தில் மூன்று மாதம் சளியோடு இருமல், அதுவும் தொடர்ந்து இரண்டு வருஷம் இருந்தால் நாள்பட்டது என்கிறார்கள். பீடிப் புகையும் தூசியும் குற்றிழைகளைக் கெடுத்துவிட, துடைப்பம் நின்றுபோகிறது. காலையில் அந்தப் பத்து நிமிஷ இருமல், துடைப்பம் செய்யவேண்டிய வேலையை நெஞ்சு செய்வதுதான். விறகடுப்புப் புகையாலும் இது வரும். பீடியே தொடாத பெண்களுக்கு வருவது பெரும்பாலும் அடுப்படியில்தான். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் கரிப்புகை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் ஏற்கெனவே இப்படி நெஞ்சு கெட்டவர்கள்.

பீங்கான் வேலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பீங்கான் செய்ய வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்க்கிறார்கள். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கைவிடச் சின்னத் தூசி, இருமலுக்கும் பிடிபடாமல் காற்று நுண்ணறை வரை போய் அங்கேயே தங்கித் தழும்பாக்கிவிடும். அதன் பெயர் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோயும் சுலபமாகத் தொற்றும். "ஈர மண்ணு ஒண்ணும் பண்ணாது ஐயா, காஞ்ச தூசிதான் எமன்" என்றார்கள் டாக்டரம்மா. மூக்கில் கட்டும் துண்டு பெரிய தூசியை மட்டும் நிறுத்துமாம். அதற்கென்று உள்ள என்-95 முகக்கவசம் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை கட்டாயம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அப்பாவுக்குக் காசநோய் இல்லை என்று வந்த அன்று அம்மா கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றினார்கள். எக்ஸ்ரேயிலும் இப்போதைக்குத் தழும்பு இல்லை. சளியில் ரத்தம், மூச்சு வாங்குதல், உதடு நீலமாதல், உடம்பு இளைத்தல், இதில் எது வந்தாலும் நாள் பார்க்காமல் ஓடி வரச் சொன்னார்கள். இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார்கள். "அது பழகிப்போயிடும்" என்று தெருவில் சொல்வது தப்பு.

இப்போது அப்பா மண்ணில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பட்டறையைப் பெருக்குகிறாராம். முதலில் மற்றவர்கள் கேலி செய்தார்களாம், இப்போது இன்னும் இரண்டு பேர் அப்படிச் செய்கிறார்கள். பீடி ஒரு கட்டிலிருந்து நாலாகக் குறைந்திருக்கிறது. அந்த நாலை நான் தினமும் எண்ணிக் காலண்டரில் குறிக்கிறேன். நேற்று மூன்று.