பல்லாவரத்துக் குன்றில் பெருங்கற்காலம்

கேள்வி: பசிபிக் தீவுகளில் இருப்பது போன்ற பழங்காலக் கல் கட்டுமானங்கள் தாம்பரம் பக்கம் உண்டா?
– வாசகர், சேலையூர்

பதில்: உண்டு, அவற்றைவிடப் பழையவை. பசிபிக் தீவு நாடான மைக்ரோனீசியாவில் ‘நான் மடோல்’ என்ற இடத்தில், எரிமலைப் பாறைத் தூண்களை விறகு போல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தலைவர்களுக்குக் கல்லறை எழுப்பினார்கள். காலம் சுமார் கி.பி. 1200.

தென்சென்னையைச் சுற்றியுள்ள பெருங்கற்காலக் கல்வட்டங்கள் – இறந்தவரைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பதித்த பாறைகள் – அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவை. 1880களில் பல்லாவரம் குன்றில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். மதுராந்தகம் அருகே சாணூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் ஈமப்பேழைகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் கிடைத்தன.

இங்கும் அங்கும் ஒன்று பொது: இறந்தவருக்காக ஒரு சமூகமே கூடிப் பாறை சுமந்திருக்கிறது. அந்த உழைப்பை ஒருங்கிணைக்கத் தலைமையும், உழைத்தவர்களுக்குச் சோறிட விளைச்சலும் இருந்திருக்க வேண்டும்.

கல் குவாரிகளும் வீட்டுமனைகளும் இத்தடயங்களை வேகமாக அழித்துவருகின்றன. நிலம் சமன்செய்யும் இடத்தில் வட்டமாகப் பதித்த பாறைகள் தெரிந்தால், பொக்லைன் இறங்கும் முன் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.