ஜொஹரா அடகு வைத்த வளையல்



நம் தெருக்களில் இரண்டு விதமான வீடுகளைப் பார்க்கிறோம். ஒரு வீட்டில் பெண் பிள்ளைக்கு வெளியூரில் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். "நமக்கு எதுக்கு இந்த வம்பு? உள்ளூர்லயே ஏதாவது படிக்கட்டும்" என்று அத்தா பேச்சை முடித்துவிடுவார். அடுத்த வீட்டில் பையன் வெளிநாட்டு வேலை என்பான். ஏஜென்ட் யார், கம்பெனி எது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போய்விடும்.

முதல் வீட்டுக்குப் பயம் அதிகம், இரண்டாவது வீட்டுக்கு அவசரம் அதிகம். இரண்டு வீட்டிலும் யாரும் தீர விசாரிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுப் பக்கமே போகாதே என்பதற்காக அல்ல. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் நமக்கு இது நன்றாகத் தெரியும். ஆழம் கேட்டு இறங்குவது எப்படி என்பதே இம்மாதப் பாடம். இதற்கு நம் திருச்சியில் படித்த ஒருவரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம்.

திருச்சியில் நான்கு ஆண்டுகள்

1950-ல் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர் நம் ஊர் செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு இண்டர்மீடியட் படிக்க வந்தார். பெயர் அப்துல் கலாம். நான்கு ஆண்டுகள் கல்லூரி விடுதியில் தங்கினார். அறையில் உடன் இருந்தவர்கள், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை ஒருவரும் கேரளத்துக் கிறிஸ்தவர் ஒருவரும். மூவரும் மகிழ்ச்சியாக இருந்ததாக அவரே தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்கிறார்.

பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கும் தறுவாயில்தான் தாம் படித்திருக்க வேண்டியது பொறியியல் என்று அவருக்குப் புரிந்தது. சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். தேர்வுப் பட்டியலில் பெயரும் வந்தது. ஆனால் சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தை ஜெயினுலாபுதீனால் அன்று அவ்வளவு பணம் புரட்ட முடியவில்லை. அப்போது அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

இந்தச் சம்பவம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பள்ளி ஆண்டு விழாக்களில் பாச உணர்வுக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. பாசம் இருந்தது உண்மை. அதோடு ஒரு நல்ல கணக்கும் இருந்தது. அதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அந்தத் துணிச்சலில் இருந்த நான்கு விஷயங்கள்

முதலாவது, கல்லூரியில் இடம் உறுதியாகியிருந்தது. "பணம் கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறோம்" என்று யாரோ சொன்னதை நம்பி நகை போகவில்லை. தேர்வு முடிந்து, பணம் மட்டுமே பாக்கி இருந்தது.

இரண்டாவது, ஜொஹரா வைத்தது தமக்குச் சொந்தமானது. அடுத்தவர் அமானிதமோ, குடும்பத்தின் கூரையோ அல்ல.

மூன்றாவது, இழப்புக்கு ஓர் எல்லை இருந்தது. தம்பி படிப்பில் தோற்றிருந்தாலும் போவது சில நகைகள்தான். மனம் வலிக்கும், ஆனால் வீடு நடுத்தெருவுக்கு வராது.

நான்காவது, பெற்றவர் பொறுப்பை ஏற்றார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்டுக் கொடுப்பது என்று கலாம் உறுதி எடுத்தார். அதற்கு ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவது. பிறகு எம்.ஐ.டி.யில் அவருடைய வடிவமைப்புப் பணி சரியில்லை என்று பேராசிரியர் கண்டித்து, மூன்றே நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்றபோது, தூக்கத்தை விட்டு முடித்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. படிப்பு முடிந்ததும் அவர் ஒரே கதவைத் தட்டவில்லை. விமானப் படைக்கும் விண்ணப்பித்தார், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் விண்ணப்பித்தார். டேராடூனில் நடந்த விமானப் படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை. சிறு வயதுக் கனவு அன்று கைநழுவியது. ஆனால் இன்னொரு கதவு திறந்திருந்தது. அந்த வேலையில் 1958-ல் சேர்ந்தவர்தான் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

நகையை அடகு வைப்பது வட்டியில் போய் முடியலாம். இன்று அந்த நிலை வந்தால், முதலில் உறவினரிடமும் ஜமாஅத்திலும் வட்டியில்லாத அழகிய கடனுக்குக் கேட்போம். கேட்பதில் வெட்கம் இல்லை, வாங்கியதைத் திருப்பாமல் இருப்பதுதான் வெட்கம்.

ஒட்டகத்தைக் கட்டுவதும் தவக்குல்தான்

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு விசாரிக்காமல் இறங்குவதைச் சிலர் தவக்குல் என்று நினைக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நாம் அறிந்ததே.

ஹிஜ்ரத்தைப் பாருங்கள். மதீனா இருப்பது மக்காவுக்கு வடக்கே. நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் முதலில் போனதோ தெற்கே உள்ள தவ்ர் குகைக்கு. மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ் ஊர்ச் செய்தி கொண்டு வந்தார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆட்டு மந்தையை ஓட்டி வந்து காலடித் தடங்களை மறைத்தார். பாலைவனத்தில் வழிகாட்ட, முஸ்லிம் அல்லாதவராக இருந்தும் பாதை அறிந்த, நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். இவ்வளவும் செய்த பிறகுதான், எதிரிகள் குகை வாசலில் நின்றபோது, அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்ற ஆறுதல் வார்த்தை வருகிறது. தெரிந்தவரிடம் மஷூரா, அல்லாஹ்விடம் இஸ்திகாரா. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பிடிக்கக் கூடாது.

விமானம் ஏறுமுன்

மேலே கண்ட நான்கையும் வெளிநாட்டு வேலையில் பொருத்திப் பார்ப்போம். திருச்சி விமான நிலையத்திலிருந்து போய் உழைத்து, வீடு கட்டி, தங்கைகளைக் கரையேற்றியவர்கள் நம்மிடையே ஏராளம். அதேபோல, 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டதும் நடந்தது.

எனவே முதலில் ஏஜென்ட்டைச் சோதியுங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்றவர்களின் பட்டியல் ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை ஒப்பந்தத்தைப் படித்து, சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவரிடமாவது பேசுங்கள். விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பது சட்டவிரோதம். மாட்டிக்கொண்டால் ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவர்களுக்கான காப்பீட்டில், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்த அனுமதியைச் சுற்றிக்கொண்டு அனுப்புகிறேன் என்பவர், நம் பிள்ளையின் பாதுகாப்பைத்தான் கழற்றி வைக்கிறார்.

முதலீட்டுக்கும் இதே அளவுகோல்தான். பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-ல் சரிந்தபோது, ஹலால் முதலீடு என்ற சொல்லை நம்பிய ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. தாடியும் தொப்பியும் கணக்குப் புத்தகம் ஆகாது. லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கேட்பது ஈமானுக்கு விரோதமும் ஆகாது.

தோற்றுவிட்டால்?

எல்லாம் சரியாகச் செய்தும் சில சமயம் கைகூடாது. 1979 ஆகஸ்ட் 10-ல் கலாம் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் வந்து பொறுப்பை ஏற்றவர், மேலதிகாரி சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே திட்டம் வென்றபோது, பேசும் பொறுப்பைக் கலாமிடம் கொடுத்தார்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. கடை நஷ்டப்பட்டுத் திரும்பிய மகனை, "நான் அப்பவே சொன்னேன்" என்று விருந்துக்கு விருந்து குத்திக் காட்டுகிறோம். அதைப் பார்க்கும் தம்பி தங்கைகள் எதிலும் இறங்கவே பயப்படுகிறார்கள். எங்கே தவறியது என்று ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம். பிறகு அதை விட்டுவிடுவோம்.

குடும்பமாகப் பேச

வரும் ஜும்ஆவுக்குப் பின், சாப்பாடு முடிந்ததும் இவற்றைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

1. நம் வீட்டில் பயத்தால் கைவிட்ட நல்ல வாய்ப்பு ஏதேனும் உண்டா? அது இன்னும் திறந்திருக்கிறதா?
2. இப்போது நாம் இறங்க நினைக்கும் காரியத்தில் எது உறுதி, எது வெறும் வாய்ச்சொல்?
3. தோற்றால் எவ்வளவு போகும்? அது நம்முடையதா?
4. இதில் முன்பே இறங்கிய யாரிடம் கேட்டோம்?
5. மகனுக்காக அடகு வைக்கத் துணியும் நாம், மகளின் படிப்புக்கும் அதே துணிவைக் காட்டுகிறோமா?

ஐந்தாவது கேள்வியை முதலில் எடுத்தாலும் நல்லதே. அன்று நகையைக் கழற்றிக் கொடுத்தவர் ஒரு பெண். நம் பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

விசாரிக்கும் அறிவையும், இறங்கும் துணிவையும், முடிவைப் பொருந்திக்கொள்ளும் மனதையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.