பள்ளிக்கூடப் பணம் எங்கிருந்து வருது?

நம்ம பிள்ளைங்களுக்குத் தையல், ஓவியம் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்களை 2012ல் மாதம் ரூ.5,000க்கு எடுத்தார்கள். வாரம் 3 அரைநாள் வேலை. அப்போது மே மாதம் சம்பளமே தரவில்லை! ஏன்? அது நிரந்தர வேலை இல்லை, திட்டப் பணம்.

இப்போது அந்தத் திட்டத்தின் பெயர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. 100 ரூபாய் செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 போடணும். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. 2024-25க்கான மத்தியப் பங்கு ரூ.2,152 கோடியை நிறுத்திவிட்டார்கள். குழுவில் ஒருத்தர் தவணை கட்டாவிட்டால் மற்றவங்க தலையில் விழுமே, அதே கதைதான். சம்பளச் சுமை மாநிலத்தின் மேல் விழுந்தது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவசச் சேர்க்கையும் 2025ல் தள்ளிப்போனது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கணும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: நம்ம பள்ளிக்குத் தையல் டீச்சர் உண்டா? வாரம் எத்தனை நாள் வர்றாங்க?