கணையத்திற்கு வரும் நரம்புச் செய்திகள்

இன்சுலின் எப்போது சுரக்கிறது? நம் மாணவர்களிடம் கேட்டால், இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது என்ற விடை உடனே வரும். எஸ்.பி.எம். உயிரியல் பாடத்தில் நாம் படித்ததும் அதுவே. விடை தவறில்லை; ஆனால் பாதி விடைதான். மாமாக் கடையில் ரொட்டி சானாயின் முதல் துண்டை வாயில் போட்டு மெல்லும்போது, அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தை எட்ட இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள்ளாகவே கணையம் சிறிதளவு இன்சுலினை வெளியிடத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை வரப்போகிறது என்று கணையத்திடம் முன்கூட்டியே சொன்னது யார்?

சொன்னவை நரம்புகள். நரம்பியக்கடத்திகள் எனப்படும் வேதிப்பொருள்களே அவற்றின் மொழி.

அந்த மொழியைக் கேட்பவை கணையத்தில் சிதறிக் கிடக்கும் சிறுசிறு செல் கூட்டங்கள். 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தம் ஆய்வேட்டில் முதன்முதலாக இவற்றை விவரித்தார். அப்போது அவருக்கு வயது 21. நம்மில் பலர் இறுதியாண்டு ஆய்வேட்டோடு மல்லுக்கட்டும் வயது! இவை எதற்காக இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னர் இவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று அவர் பெயரே நிலைத்தது. இலத்தீனில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இன்சுலின் என்ற பெயரும் பிறந்தது. மனிதக் கணையத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் திட்டுகள் உள்ளன. ஆயினும், கணையத்தின் எடையில் இவற்றின் பங்கு 1 முதல் 2 விழுக்காடுதான்.

திட்டுகளில் உள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் செய்கின்றன. குளுக்கோஸ் இச்செல்லுக்குள் நுழைந்து எரியும்போது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. அதனால் செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், இன்சுலின் நிரம்பிய நுண்பைகளை வெளியே திறந்துவிடுகிறது. இதுதான் அடிப்படை. நரம்பு இதன்மேல்தான் வேலை செய்கிறது.

உணவின் சுவையும் மணமும் மூளையை எட்டியதும், வேகஸ் நரம்பு வழியாகக் கணையத்திற்குச் செய்தி போகிறது. அங்கு வெளிப்படும் முக்கியமான கடத்தி அசிட்டைல்கோலின். அது பீட்டா செல்லின் எம்3 ஏற்பியில் அமர்ந்து, செல்லுக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டுள்ள கால்சியத்தையும் வெளிக்கொணர்கிறது. இன்சுலின் பைகள் மேலும் எளிதாகத் திறக்கின்றன. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் குளுக்கோஸ் குறைவாக இருக்கும்போது அசிட்டைல்கோலினால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அடுப்பில் நெருப்பு இருந்தால்தான் ஊதுகுழலுக்கு வேலை. குளுக்கோஸ் நெருப்பு, அசிட்டைல்கோலின் ஊதுகுழல். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், பிரியாணி வாசனை பிடித்த மாத்திரத்தில் பசித்தவனுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும்.

எதிர்த்திசையில் இழுப்பது நோரட்ரினலின். பயம், விபத்து, கடும் உடற்பயிற்சி ஆகிய வேளைகளில் பரிவு நரம்புகள் இதைக் கணையத்தில் வெளியிடுகின்றன. அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் இரத்தத்தில் கலக்கிறது. இவை பீட்டா செல்லின் ஆல்ஃபா-2 ஏற்பிகளைப் பற்றி, இன்சுலின் பைகள் திறப்பதையே தடுக்கின்றன. கால்சியம் உள்ளே வந்திருந்தாலும் பைகள் எளிதில் திறப்பதில்லை. ஓட வேண்டிய நேரத்தில் சர்க்கரையைச் சேமிப்பில் பூட்டிவைப்பது உயிருக்கு ஆபத்து அல்லவா? ஆகவே கல்லீரல் சர்க்கரையைத் திறந்துவிடுகிறது, கணையம் இன்சுலினை நிறுத்திப் பிடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் நிலை திரும்புகிறது.

நம் வீடுகளில் இது வெறும் பாடம் அன்று. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. "கவலப்பட்டா இனிப்பு நீர் ஏறுமாய்யா?" என்று பாட்டி கேட்டால், ஆங்கிலத்தில் அறிவியல் படித்த நாம் திணறுகிறோம். ஏறும் என்பதே விடை. ஏற்கனவே நோய் உள்ளவருக்குக் காய்ச்சல், அறுவை சிகிச்சை, கடும் மன உளைச்சல் ஆகிய வேளைகளில் அளவு உயர்வதற்கு மேற்சொன்ன தடையும் ஒரு காரணம். ஆனால் கவலையால்தான் நோயே வந்தது என்று இதை நீட்டிச் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்வதில் உணவும் உடல் எடையும் பரம்பரையும் மறைந்துபோகின்றன.

பரம்பரை என்றதும் சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலருடைய மரபணுவில் உள்ள ஒரு மாறுபாட்டால் பீட்டா செல்லில் ஆல்ஃபா-2ஏ ஏற்பி அதிகமாக உருவாவதையும், அதனால் இன்சுலின் சுரப்பு குறைந்து இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுவதையும் 2010இல் வெளியிட்டனர். அந்த ஏற்பியை அடைக்கும் யோகிம்பின் என்ற மருந்தை அத்தகைய நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இன்சுலின் சுரப்பு மேம்பட்டதை 2014இல் காட்டினர். யோகிம்பின் இரத்த அழுத்தத்தையும் பதற்றத்தையும் கூட்டக்கூடியது என்பதால், இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம்.

காபா என்னும் கடத்தியின் கதை வேறு. மூளையில் அமைதிப்படுத்தும் பணி செய்யும் இதைப் பீட்டா செல்கள் தாமே தயாரிக்கின்றன. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு, காபாவைத் தயாரிக்கும் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்படுகிறது. நோயின் வகையைக் கண்டறிய மருத்துவர்கள் இச்சோதனையைப் பயன்படுத்துகிறார்கள்.

கணைய மாற்று அறுவை சிகிச்சையில் நரம்புகள் அறுபடுகின்றன; ஆயினும் புதிய கணையம் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. நரம்பு இல்லாமலும் வேலை நடக்கும் என்பது இதனால் தெளிவு. பாடநூல்களில் நாம் காணும் நரம்புப் பின்னலுக்கும் பெரும்பாலும் எலியே மூலம். மயாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் மனிதத் திட்டுகளை ஆராய்ந்தபோது, பீட்டா செல்களை நேராகத் தொடும் நரம்பிழைகள் மிகக் குறைவாக இருந்தன. இழைகள் பெரும்பாலும் இரத்தக் குழாய்ச் சுவர்களுக்கே சென்றன. அப்படியானால் மனிதனின் பீட்டா செல்லுக்கு அசிட்டைல்கோலின் எங்கிருந்து வருகிறது? பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்களும் அதைச் சுரக்கின்றன என்று அதே குழுவினர் கண்டறிந்தனர். குளுக்ககானைச் சுரந்து சர்க்கரையை ஏற்றும் அதே ஆல்ஃபா செல்கள்தான் அவை.